உச்சி வெய்யில் யார் தலையில்?

1956 நவம்பர் 23. அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் இற்றுப் போயிற்று. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாடே பதறியது. ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பதவியைத் துறந்தார். அடுத்து வந்த தேர்தலில் மேடைக்கு மேடை அந்தச் சாவுகளுக்குக் கணக்குக் கேட்கப்பட்டது. நம் பக்கத்துப் பெரியவர்களிடம் இன்றைக்கும் “அரியலூர்” என்று சொல்லிப் பாருங்கள். முதலில் அந்த ரயிலைத்தான் சொல்வார்கள்.

அந்தப் பழைய கதையை இப்போது எதற்காக எடுக்கிறேன்? மழை கொன்றால் பாலம் உடைகிறது. பெட்டி கவிழ்கிறது. பிணங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. மந்திரியும் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. வெய்யில் கொன்றால்? ஒன்றும் உடைவதில்லை. குவாரியில் கல் எடுத்துக்கொண்டிருந்தவன் தலை சுற்றுகிறது என்று உட்காருகிறான்; மறுபடி எழுந்திருப்பதில்லை. சோளக்காட்டில் கதிர் ஒடித்தவள் வரப்பில் சாய்கிறாள். “நெஞ்சு வலி” என்று எழுதிக் கொடுக்கிறார்கள். ஊரில் ஒரு பறைச் சத்தம். அதோடு கணக்கு முடிந்தது!

தோழர்களே, அந்தக் கணக்கைத்தான் நாம் முடிய விடக்கூடாது என்கிறேன்.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். இந்திய வானிலை இலாகாவிடம் 1901 தொடங்கி நாடு முழுவதற்குமான உஷ்ணக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் எல்லாவற்றிலும் வெப்பமான ஆண்டு 2024. 1991 முதல் 2020 வரையிலான முப்பதாண்டுச் சராசரியைவிட 0.65 டிகிரி கூடுதல். அதற்கு முன்னால் முதலிடத்தில் இருந்த 2016-ல் இது 0.54 டிகிரி. அடுத்து வந்த 2025 பிப்ரவரி, 1901-க்குப் பிறகு நாடு கண்ட பிப்ரவரிகளில் மிக வெப்பமானது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று நம் பாட்டிகள் சொன்னார்கள். மாசி பிறக்கும் மாதத்தில் வெய்யில் சாதனை படைக்கிறது! கத்திரி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று சித்திரைக் கடைசி வரை காத்திருந்த காலம் போய்விட்டது.

“0.65 டிகிரிதானே, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஐயா, அது ஒரு நாளின் கணக்கல்ல. காஷ்மீர் முதல் குமரி வரை, பகலும் இரவும், முந்நூற்று அறுபத்தாறு நாளும் கூட்டி வகுத்த கணக்கு. சராசரி ஒரு படி ஏறுகிறது என்றால் கடும் வெய்யில் நாட்கள் பல படி பெருகுகின்றன என்று பொருள். உடம்பின் உஷ்ணம் இரண்டு டிகிரி ஏறினால் வேலைக்குப் போகாமல் படுத்துவிடுகிறோமே, அப்போது “இரண்டு டிகிரிதானே” என்று யாராவது சொல்கிறோமா?

அந்தக் கணக்கிற்குள்ளேயே இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. அதைத்தான் பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும். 2024-ல் பகல் உஷ்ணம் சராசரியைவிட 0.20 டிகிரிதான் கூடியது. இரவு உஷ்ணமோ 0.90 டிகிரி கூடியது! அதாவது, இரவுதான் அதிகம் சூடேறியிருக்கிறது. இது யாரைச் சுடும்? குளிர்சாதன அறையில் படுப்பவனையா? பகலெல்லாம் சிமெண்ட் மூட்டை ஏற்றியவன் வீடு திரும்பி, சிமெண்ட் ஷீட் வேய்ந்த கூரையின் கீழ் படுக்கிறான். பகலில் குடித்த சூட்டை அந்தக் கூரை நள்ளிரவு வரை கக்குகிறது. குழந்தைகள் புரண்டு புரண்டு அழுகின்றன. வாசலில் கட்டிலைப் போட்டால் கொசு. விடியற்காலை நாலு மணிக்குக் கண் அசரும். ஐந்தரைக்கு ஷிப்டு வண்டி ஹாரன் அடிக்கும். உழைப்பாளியின் உடம்பு ஆறுவதற்கென்று இருந்தது இரவு ஒன்றுதான். அதுவும் களவு போகிறது.

நமது இரண்டு ஜில்லாக்களின் மண்ணையும் எண்ணிப் பாருங்கள். பெரம்பலூர்ப் பக்கம் பெரும்பாலும் மானாவாரிக் கரிசல்: மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். காவிரி பாயும் மண்ணல்ல. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் பள்ளங்களும் சிமெண்ட் ஆலைகளும், செந்துறை, ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் முந்திரிக்காடும். நிழல் என்பதே இங்கு சம்பாதித்துக்கொள்ள வேண்டிய பொருள். ஒரு வேப்பமரத்தடியில் எத்தனை பேர் ஒண்டுவது?

சென்ற கோடையில் செந்துறைச் சாலையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். டிப்பர் ஓட்டும் தோழர் ஒருவர் பத்திரிகையை மடக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: “திருச்சியில நாப்பது டிகிரின்னு போட்டிருக்கான், தோழர். எங்க பள்ளத்துலயும் நாப்பதுதானா?”

வானிலைக்காரர்கள் மானியை எங்கே வைக்கிறார்கள் என்று அவருக்குச் சொன்னேன். காற்றுப் புக இடுக்குகள் விட்ட வெள்ளைப் பெட்டி. ஏறக்குறைய நாலடி உயரத்தில், நல்ல நிழலுக்குள், வெய்யில் நேரே படாதபடி மானி இருக்கும். உலகம் பூராவும் அதுதான் முறை. அப்போதுதான் ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஒப்பிட முடியும். அதில் தவறு இல்லை.

அவர் சிரித்தார். “அப்போ மிஷினுக்கு நிழல், மனுசனுக்கு வெய்யிலா?”

அதற்கு மேல் நான் என்ன சொல்ல? பத்திரிகையில் வரும் நாற்பது டிகிரி, நிழலின் நாற்பது. வெள்ளைக் கல் மேலே நின்று, மேலிருந்து சூரியனும் கீழிருந்து கல்லின் எதிர்வெளிச்சமும் சுட, பக்கத்தில் கம்ப்ரசரின் சூடும் சேர, ஜாக்ஹாமர் பிடித்திருப்பவன் உடம்பு காண்கிற உஷ்ணம் எந்தப் பெட்டியிலும் பதிவாவதில்லை. டிப்பரின் உள்ளேயும் அதே கதி. என்ஜின் சூட்டின் மேல்தான் டிரைவர் உட்கார்ந்திருக்கிறார்.

மனித உடம்பு 37 டிகிரியில் நிற்க வேண்டியது. வெளிக்காற்று அதற்கு மேல் போனால் உடம்புக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை வழியுமே ஒழியக் காயாது. உழைக்கிறவனுக்கோ தசைகளிலிருந்தும் உள்ளே சூடு கிளம்புகிறது. எனவே, ஒரே தெருவில், ஒரே வெய்யிலில், திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் தப்புவான். மூட்டை தூக்குபவன் விழுவான். தண்ணீர் குறைந்த உடம்பில் இருதயம் திணறுகிறது, சிறுநீரகம் பழுதாகிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2017 முதல் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கரு கலையும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டார்கள். களை எடுக்கும் பெண்ணின் வயிற்றுக்குள்ளேயும் இந்த வெய்யில் போகிறது, தோழர்களே!

இத்தனைக்கும் சாவுக் கணக்கு எவ்வளவு? 2022-ல் வெப்பத் தாக்குதலால் நாடு முழுவதும் இறந்தவர் 730 பேர் என்று தேசியக் குற்ற ஆவணப் பதிவகம் சொன்னது. நூற்று நாற்பது கோடி ஜனங்கள் உள்ள தேசத்தில் 730! சுகாதார இலாகாவின் கணக்கோ வேறு. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. ஏன்? “வெப்பத்தால் இறந்தான்” என்று எவர் எழுதினால் அது கணக்கு, எழுதாவிட்டால் கணக்கில்லை. அகமதாபாத்தில் வேறு விதமாக எண்ணிப் பார்த்தார்கள். 2010 மே மாதம் அந்நகரில் கடும் வெய்யில். அந்த மாதத்தில் நடந்த எல்லாச் சாவுகளையும் எடுத்து, மற்ற ஆண்டுகளின் மே மாதத்தோடு ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டனர். வழக்கத்தைவிட 1,344 சாவுகள் அதிகம் என்று தெரிந்தது. ஒரு நகரத்தில், ஒரே மாதத்தில்! அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் 2013-ல் அந்நகராட்சி வெப்பத்துக்கென்று ஒரு செயல் திட்டம் வகுத்தது. எண்ணிப் பார்த்ததால் திட்டம் வந்தது. நம் ஜில்லாக்களில் இப்படி எண்ணுவதற்கு என்ன தடை? பிறப்பு இறப்புப் பதிவேடு ஒவ்வொரு ஊருக்கும் இருக்கிறது. ஏப்ரல், மே மாதச் சாவுகளை மற்ற மாதங்களோடு வைத்துக் கூட்டிக் கழிக்க ஒரு குமாஸ்தாவும் ஒரு வார காலமும் போதும்.

நியாயமாகப் பேச வேண்டும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு நாலு லட்ச ரூபாய் என்றும் விதித்தது. அதுவரை மத்திய சர்க்காரின் பேரிடர்ப் பட்டியலில் புயல் இருந்தது, வெள்ளம் இருந்தது, பூச்சித் தாக்குதல்கூட இருந்தது. வெப்ப அலை இல்லை. ஆகவே அது நல்ல காரியம்தான், வரவேற்போம். ஆனால் நாலு லட்சம் செத்த பிறகு வருவது. அதுவும் காரணம் வெய்யில்தான் என்று நிரூபித்தால் வருவது. சாகாமல் இருக்க என்ன வழி?

தண்ணீர்ப் பந்தல் என்பார்கள். எல்லாக் கட்சியாரும் திறக்கிறோம், நாமும்தான் திறக்கிறோம். தர்ப்பூசணி வெட்டி, மோர் ஊற்றி, போட்டோ எடுத்து முடிகிறது. பந்தலில் நிழல் யார் மேல் விழுகிறது என்று போட்டோவில் பாருங்கள்: திறந்து வைத்த தலைவர் மேல்! நாலாம் நாள் பானை காய்ந்து கிடக்கும். நான் பந்தல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பஸ் நிலையத்துப் பந்தல் பள்ளத்துக்குள் நிற்பவனுக்கு எட்டாது. அவனுக்கு வேண்டியது நேரம். உச்சி வெய்யிலில் வேலையிலிருந்து விலகி நிற்க நேரம்.

1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றி மே தினம் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை என்பது அந்தக் கொடியோடு வந்த கோரிக்கை. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பது அன்றைய சண்டை. அந்தச் சண்டையும் தீர்ந்தபாடில்லை. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா இதே சென்னைச் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றாய் எழுந்து நின்றதால்தான் அந்த மே தினத்தன்றே வாபஸ் என்று அறிவிக்க நேர்ந்தது. பிறகு 2025 நவம்பர் 21 அன்று, இருபத்தொன்பது தொழிலாளர் சட்டங்களைச் சுருட்டி நாலு தொகுப்பாக்கி மத்திய சர்க்கார் அமுலுக்குக் கொண்டு வந்தது. இந்த நிலைமையில் இன்னொரு கேள்வியும் நம் மேல் வந்து நிற்கிறது: எட்டு மணி நேரம் சரி, எந்த எட்டு மணி நேரம்?

“இதெல்லாம் நடக்கிற காரியமா?” என்று காண்டிராக்டர் கேட்பார். பக்கத்துக் கேரளத்தில் நடக்கிறது. 2025-ல் பிப்ரவரி 11 முதலே, வெட்டவெளியில் வேலை செய்வோருக்குப் பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை ஓய்வு என்று அங்கே தொழிலாளர் இலாகா உத்தரவு போட்டது. காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் நடுவே எட்டு மணி நேரத்தை மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும். கேரளம் வேண்டாம், கடல் கடந்து பாருங்கள். லப்பைக்குடிக்காட்டிலும் சுற்று வட்டாரத்திலும் வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பாத வீடு எத்தனை? அந்தப் பிள்ளைகளைக் கேளுங்கள். ஐக்கிய அரபு எமிரேட்டில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரை முதல் மூன்று வரை வெய்யிலில் வேலை வாங்கக்கூடாது. கத்தாரில் 2021 முதல் காலை பத்திலிருந்து மாலை மூன்றரை வரை. அங்கெல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் சங்கம் வைக்க முடியாத மன்னராட்சி நாடுகள் அவை. மன்னராட்சியில் எழுத முடிந்த ஓர் உத்தரவு ஜனநாயகத்தில் எழுத முடியாதா? துபாயில் பெரம்பலூர்க்காரனுக்குக் கிடைக்கும் பகல் ஓய்வு பெரம்பலூரில் கிடைக்காது என்றால் என்ன நியாயம்?

ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஓய்வு கொடு என்று மட்டும் கேட்டு வாங்கிவிட்டால் நம் ஆட்களில் பாதிப்பேர் அதை எடுக்க மாட்டார்கள். ஏன்? டிப்பர் டிரைவருக்கு நடைக்கு இவ்வளவு. செங்கல் சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு. முந்திரி உடைப்பவளுக்குக் கிலோவுக்கு இவ்வளவு. கரும்பு வெட்டுகிறவனுக்கு டன்னுக்கு இவ்வளவு. மூன்று மணி நேரம் நிழலில் உட்கார்ந்தால் மூன்று மணி நேரக் கூலி போயிற்று. வயிறு அவனை வெய்யிலுக்குத் தள்ளும். கங்காணி தள்ள வேண்டியதே இல்லை. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2019-ல் போட்ட கணக்கின்படி, 2030-ல் இந்தியா தன் வேலை நேரத்தில் 5.8 சதவிகிதத்தை வெப்பத்தால் இழக்கும். 3 கோடியே 40 லட்சம் பேரின் முழுநேர வேலைக்கு அது சமம். இழக்கப்போவது இந்தியா என்று எழுதுகிறார்கள். யார் மடியிலிருந்து இழக்கப்போகிறது என்று எழுதுவதில்லை. ஆகவே, ஓய்வு நேரத்துக்குக் கூலி வெட்டு கூடாது. கணக்குக் கூலிக்காரருக்கு அந்த நேரத்துக்குரிய ஈடு வேண்டும். இந்த வரி இல்லாத கோரிக்கை வெறும் காகிதம்.

பணம் எங்கிருந்து வரும் என்பார்கள். வெட்டி எடுக்கும் ஒவ்வொரு டன் சுண்ணாம்புக்கல்லுக்கும் ராயல்டி கட்டப்படுகிறது. 2015-ல் வந்த திருத்தச் சட்டப்படி, அந்த ராயல்டியைக் கணக்கிட்டு மேல்கொண்டு ஒரு பங்கு மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் சேர வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஜனங்களின் குடிநீர், சுகாதாரம் முதலியவற்றுக்கே அதில் முன்னுரிமை. கட்டிடச் செலவில் நூற்றுக்கு ஒன்று என்று வசூலிக்கும் தீர்வை கட்டிடத் தொழிலாளர் நல வாரியத்துக்குப் போகிறது. பணம் இருக்கிறது. வெய்யிலின் பெயரில் அதைக் கேட்க ஆள்தான் இல்லை.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் பேசுவோம். இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து கிளம்பும் கரியமிலவாயுவால். அதில் சிமெண்டுக்கும் பங்கு உண்டு. ஒரு காலத்தில் நம் மண்ணே கடலாக இருந்தது. அதனால்தான் அரியலூரில் மாடு மேய்க்கும் சிறுவன் கையில் கல்லாய்ப்போன சங்கும் நத்தையும் அகப்படுகின்றன. சாத்தனூரில் கல்லாய்ப்போன மரம் கிடக்கிறது. அந்தக் கடலின் கிளிஞ்சல்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கரியமிலவாயுவைக் கல்லுக்குள் பூட்டி வைத்திருந்தன. நூறு கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமிலவாயுவாய் வானத்துக்குப் போகும். எரிக்கிற நிலக்கரியின் புகை அதற்கு மேல் தனி. நம் பள்ளத்திலிருந்து எடுத்த கல்தான் நம் தலைக்கு மேல் போர்வையாய் விரிகிறது!

அதற்காக ஆலையை இழுத்து மூடு என்று எவராவது சொன்னால், நான் அவர் பக்கம் இல்லை. ஆலையின் சோறு பல்லாயிரம் குடும்பங்களின் சோறு. உலகத்தைச் சூடாக்கியதில் நம் பங்கு என்ன? ஓர் அமெரிக்கன் ஆண்டுக்குச் சராசரி 14 டன் அளவுக்குக் கரியமிலவாயு வெளியிடுகிறான். ஓர் இந்தியன் சுமார் 2 டன். அந்த இரண்டிலும் அம்பானிக்கும் ஆலத்தூர்க் கூலிக்கும் சேர்த்துப் போட்ட சராசரி அது. அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப்போ 2025 ஜனவரியில் பதவியேற்ற அன்றே, பாரிஸ் உடன்பாட்டிலிருந்து விலகுவதாகக் கையெழுத்துப் போட்டார். சூளையின் தொழில்நுட்பத்தை மாற்றுவது முதலாளியின் செலவு, சர்க்காரின் பொறுப்பு. மாறும் வரைக்கும் அந்தச் சூட்டில் நிற்பவனைக் காப்பது அதைவிட அவசரம்.

கடைசியாக, நம் வீட்டுக் குறையையும் சொல்லிவிடுகிறேன். சில தோழர்களுக்குக் கோபம் வரலாம். நம் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியல்களைப் புரட்டிப் பார்த்தேன். போனஸ் இருக்கிறது, பஞ்சப்படி இருக்கிறது, காண்டிராக்ட் ஒழிப்பு இருக்கிறது. எல்லாம் வேண்டியவைதான். வெய்யில்? ஒரு பட்டியலில் பதினாலாவது கோரிக்கையாக, கழிப்பறைக்கும் சைக்கிள் நிறுத்த இடத்துக்கும் நடுவே, “கோடையில் மோர் வழங்க வேண்டும்” என்று கண்டேன். மற்றவற்றில் அதுவும் இல்லை. வெய்யிலை விதி என்று நினைக்கும் பழக்கம் முதலாளிக்கு மட்டும் இல்லை போலும்.

வரும் ஒப்பந்தப் பேச்சில் பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரையிலான ஓய்வு, கூலி வெட்டின்றி, முதல் பக்கத்துக்கு வர வேண்டும். ஒவ்வொரு குவாரியிலும் ஒரு கொட்டகை, குளிர்ந்த குடிநீர், உப்புக் கரைசல். இவை காண்டிராக்டரின் கருணைக்கு விடப்படாமல் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. மாசி தொடங்கி ஆனி வரை ஊருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். வேலைத்தலத்தில் மயங்கி விழுந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போனவர், இறந்தவர் பெயர், வயது, செய்த வேலை, விழுந்த மணி, டாக்டர் எழுதிய காரணம் எல்லாம் குறியுங்கள். இறந்தவர் வீட்டாரிடம் நாலு லட்சம் உதவி பற்றிச் சொல்லி, விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். ஜமாபந்தி நாளில் தாலுகா ஆபீசில் மனுவோடு அந்த நோட்டின் நகலையும் வைத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.